கேட்டாச்சு

ஓடாத வண்டி ஒன்று குளிர்ந்துகொண்டிருந்தது.

கிஸ்லான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். டாஞ்சியர் துறைமுகத்துக்குப் பின்னால், மேட்டில் நிற்கும் அந்தக் கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்தபடியே கடல் தாண்டும் ஒவ்வொரு குளிர்வண்டியின் வயிற்றுக்குள்ளும் அவளால் எட்டிப்பார்க்க முடியும். உட்சுவரில் ஒட்டிய உள்ளங்கை அகல சென்சார் எவ்வளவு குளிர், கதவு திறந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்று கூரை ஆண்டெனா வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பதினேழாம் எண் வண்டி கீழே யார்டின் கடைசி மூலையில் இயந்திரம் அணைந்து, காலியாக, வெயிலில் நின்றது. திரையில் அதன் குளிர் மைனஸ் பதினெட்டு.

"முஃபத்தல் அண்ணே, பதினேழுக்குக் கரண்டு குடுத்திருக்கீங்களா?"

"அதுக்கா? டயர்லயே காத்து இல்ல." ஷிப்டுத் தலைவர் முஃபத்தல் பேரீச்சம்பழத் தட்டை மேசையில் வைத்தார். "சென்சாருக்கும் நோன்பு தலைக்கு ஏறியிருக்கும். சாயங்காலம் ஆனா எனக்கும் அப்படித்தான், பொண்டாட்டி பேரே மறந்துபோகுது."

சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். அது எந்த வண்டி என்று அப்போதுதான் நினைவு வந்தது. "மன்னிச்சுக்கோம்மா. நாக்கு இல்ல இது, செருப்பு."

அவள் பதினேழின் அசைவுக்கோட்டைத் திரையில் திறந்தாள்.

நோன்பு மாதத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாங்கு சொல்லப் போகும் நேரத்தில் யாராவது ஒருவர் எல்லா வண்டிகளின் அலாரத்துக்கும் சேர்த்து 'கேட்டாச்சு' என்ற பொத்தானை அழுத்திவிடுவார்கள். ஒரு வாய் ஹரீரா சூப்பு நிம்மதியாக உள்ளே இறங்க வேண்டாமா? ஒருமுறை அழுத்திவிட்டால் மறுநாள் காலைவரை எந்த வண்டியும் கூவாது. போன வாரம் ஒரு சாயங்காலம் அதை அழுத்தியது கிஸ்லான்.

காவலாளிகளும் சூப்புக்கு உட்காரும் நேரம் அதுதான் என்று வண்டிக்குள் ஒளிந்து அக்கரை போகத் துடிக்கும் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் தம்பி ஸுஹைருக்கும் தெரியும். அன்றைக்குப் பழவண்டி என்று நினைத்து, மீன் ஏற்றிய பதினேழுக்குள் ஏறிவிட்டான். டிரைவர் கதவைப் பூட்டி, குளிரைத் திருகிவிட்டுப் போனான். காலையில் சோதனைக்குத் திறந்தபோது உறைந்த கணவாய்ப் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உடலைக் குளிப்பாட்டிய மாமா வெளியே வந்து, விரல் முட்டியில் தோலே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "தட்டியிருப்பானேடி, ஒருத்தர் காதுலயுமா விழல?"

திரையில் அசைவுக்கோடு துள்ளியது. இரண்டு முள், கொஞ்சம் இடைவெளி, ஒரு முள்.

கிஸ்லான் திரையை நெருங்கிக் குனிந்தாள். எப்போதும் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து ஸுஹைர் கதவைத் தட்டுவது அப்படித்தான். டக் டக். டக். 'வர்றேன்டா, கதவை உடைக்காத' என்று அவள் கத்தும்வரை தட்டுவான்.

"அண்ணே, நான் போய் அந்த சென்சாரைக் கழட்டிட்டு வந்துடறேன்."

"இப்பவா? பாங்கு சொல்லப் போறாங்க. ஆளை அனுப்பறேன், விடு."

"நானே போறேன். அப்படியே வீட்டுக்கும் போயிடறேன். அம்மா தனியா இருக்காங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. "சரி. கழட்டும்போது இங்க அலாரம் கத்தும், கவலைப்படாத. நான் அமுக்கிடறேன்."

கடலில் இருந்து ஷர்க்கி என்னும் கிழக்குக் காற்று யார்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. டீசல் வாடையும் மீன் கவிச்சியும் எங்கோ வதங்கும் வெங்காயத்தின் மணமும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அறைய, தலைத்துணியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, ஆளில்லாத வண்டிகளின் நீண்ட நிழல்களைத் தாண்டித் தாண்டி அவள் நடந்தாள். காவல் கூண்டில் யாரும் இல்லை. நாற்காலி மட்டும் காற்றில் ஆடியது.

பதினேழின் கதவைத் தொட்டாள். வெயிலில் காய்ந்த தகரம் சுட்டது. தாழ்க்கம்பியைத் தூக்கி இழுத்தாள். உள்ளே மருந்து போட்டுக் கழுவிய வாடை. வெறும் தரை. வெறும் சுவர். குளிர் இல்லை. ஒன்றுமே இல்லை.

அழுகை முட்டியது. எதை எதிர்பார்த்து வந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஏறி உள்ளே நடந்தாள். கோடியில் சென்சாரின் பச்சைப் பொட்டு மினுங்கியது. அதன் கீழே தகரத்தில் சின்னச் சின்னக் குழிகள். விரலால் தடவினாள். விரல் முட்டி அளவுக்குக் குழிகள்.

"நான்தான்டா அமுக்கினேன்" என்றாள். யாரிடமும் சொல்லாததை அந்தச் சுவரிடம் சொன்னாள். "கேக்காமலே கேட்டாச்சுன்னு அமுக்கிட்டேன்."

பின்னால் காற்று ஊளையிட்டது. கதவு அறைந்து சாத்தியது. வெளியே தாழ்க்கம்பி தானாகச் சரிந்து விழும் சத்தம்.

இருட்டு.

ஓடிப்போய்த் தள்ளினாள். அசையவில்லை. பழைய வண்டி, உள்ளிருந்து திறக்கப் பிடி கிடையாது. போனை எடுத்தாள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அந்த வெளிச்சத்தில் தன் மூச்சு வெள்ளையாக எழுவதைப் பார்த்தாள்.

பாதங்களில் இருந்து குளிர் ஏறியது. விரல்கள். முழங்கால். கண் இமைகள்.

சென்சார்! அது உணரும். கோடிக்கு ஓடி, அதன் கீழே இரண்டு கையாலும் சுவரை அடித்தாள். திரையில் கோடு துள்ளும். சிவப்பாகும். அலாரம் கூவும். முஃபத்தல் பார்ப்பார்.

பார்ப்பார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபடி பார்ப்பார். கழட்டுகிறாள் என்று நினைப்பார்.

தூரத்தில், தகரத்துக்கு அப்பால், பாங்கு கேட்டது.

பச்சைப் பொட்டு ஒருமுறை கண் சிமிட்டி நிலைத்தது. அவளுக்குத் தெரியும். அமுக்கிவிட்டார்.

போன் வெளிச்சம் அணைந்தது. அவள் அடித்தாள். அடித்தாள். முட்டித்தோல் கிழிந்து தகரத்தில் ஒட்டியது. கைகள் ஓய்ந்தன. இரண்டையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

தட்டுவது நிற்கவில்லை.

அவள் தோளுக்குப் பக்கத்தில். அவள் உயரத்தில். அக்காவுக்குக் கை வலிக்கிறது என்று வாங்கிக்கொண்டவனைப் போல, பொறுமையாக.

டக் டக்.

டக்.