அப்பாதுரைக்குப் போன விலாசம்

"ஊரைத் தேடினது போகட்டும், நம்ம வூட்டு விலாசத்த எதுக்குடி குடுத்த?" என்று ஜெபகுமார் கத்தியது செம்பாக்கம் ஏரிக்கரைத் தெரு முழுக்கக் கேட்டது. கத்தியதுகூடப் பெரிதில்லை. கத்திக்கொண்டே கேட்டிலிருந்த தன் பெயர்ப்பலகையைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தார். சாமியார் வந்து புது வீட்டை மந்திரித்த அன்று தெருவையே கூப்பிட்டுக் காட்டிய பித்தளைப் பலகை அது.

"பின்ன, பங்குச் சாமியாருக்கு நாம யாருன்னு சொல்ல வேணாமாப்பா?" சினேகாவும் குரலைத் தாழ்த்தவில்லை. கல்யாணமல்லவா நிற்கிறது. குரோம்பேட்டை ஏசுதாசனை அவளே பார்த்துப் பிடித்தாள். அவன் அம்மாவுக்கோ பெண் வீட்டார் பரம்பரைக் கத்தோலிக்கரா, போன வருஷம் ஞானஸ்நானம் வாங்கினவர்களா என்று தெரிந்தாக வேண்டும். கொள்ளுத்தாத்தா அப்பாதுரை எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர் என்று தெரியாமல் பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க விடமாட்டாளாம். அப்பாவிடம் கேட்டால், "எங்கப்பா ஊர் பேர வெளிய சொன்னதே இல்ல" என்று நழுவினார். சினேகா கோயில் கோயிலாக வாட்ஸப்பில் விசாரித்தாள். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சாமியார் கண்டுபிடித்தார். நல்ல மனுஷர். ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பே செய்துவிட்டார்: அப்பாதுரை வாரிசுகள் செம்பாக்கத்தில் இன்ன தெருவில் இருக்கிறார்கள், சொந்தம் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள்.

"அப்பாதுரையும் கேட்டிருப்பாரு," என்றார் ஜெபகுமார். குரல் இறங்கியிருந்தது. "காலராவுல புள்ளைங்க ஒண்ணொண்ணாப் போய்க்கினு இருந்துச்சு. மிச்சம் இருந்தது எங்கப்பா. இது பொழைச்சா, வம்சத்துல பொறக்கிற மொதப் பொண்ண முட்டி போட்டே இட்டாந்து கோயிலுக்கு வுட்டுடறேன்னு நேர்ந்துக்கினாரு. எங்கப்பா பெரிசானதும் பயந்து ஊரவிட்டே ஓடியாந்துட்டாரு. எங்க அண்ணன் வூடுங்கள்லயும் எல்லாம் ஆம்பளைங்க. நீதான் மொதப் பொண்ணு."

"செத்தவரு பஸ் புடிச்சா வருவாரு?" என்றாள் சினேகா. அம்மா அம்மணி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, மழையில் ஊறிய தெருமுனை மண்ணில் இரண்டு தடம். அகலமாக, பக்கத்துப் பக்கத்தில், விட்டுவிட்டு இழுபட்டவை. "எவனோ கேஸ் சிலிண்டர இழுத்துண்டு போயிருக்கான்," என்று எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி தீர்ப்புச் சொன்னாள். அந்தத் தெருவில் மாமி தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அடுத்த நாள் தடம் இஸ்திரி வண்டி வரை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் மாமி வாசல் வரை. மாமி வாசலைக் கழுவிவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். அன்று தீர்ப்பு இல்லை என்று கண்டதும் சினேகா போய்த் தன் வீட்டுக் கேட்டைப் பூட்டினாள்.

அன்று பொழுது சாயும்போது அப்பாவும் அம்மாவும் வேறு வீடு பார்க்கக் கிளம்பினார்கள். சினேகா வரவில்லை என்றுவிட்டாள்; யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தன் அம்மாவிடம் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று ஏசுதாசன் சொல்லியிருந்தான். மழை தகர ஷீட்டில் கொட்டிக்கொண்டே இருக்க, ஏரியில் அழுகும் ஆகாயத்தாமரை வாடை ஈரக்காற்றோடு ஜன்னலில் நுழைந்து கூடமெல்லாம் பரவி, அதற்கடியில் அணைத்த மெழுகுவர்த்தியின் புகைநெடி ஒன்று மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியபோது கரண்ட் போனது. வீட்டில் யாரும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கவில்லை.

தெருநாய்கள் குரைக்கவில்லை. வெளியே ஏதோ ஊன்றியது. இழுபட்டது. நின்றது. மறுபடி ஊன்றியது. கேட்டுக்கு உள்ளே.

கதவு தட்டப்பட்டது. ரொம்பக் கீழே.

அப்புறம் குரல். ஜெபமாலை. இந்தக் காலத்து உச்சரிப்பில்லை. மரியே இல்லை, மரியாயே. தண்ணீர் கோத்த தொண்டை. முன்பாதி மந்திரத்தோடு நின்றது. ஒருவர் முன்பாதி சொன்னால் மற்றவர் பின்பாதி சொல்லவேண்டும். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் வாய்க்கு அது பழக்கம்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுபடி முன்பாதி. நிறுத்தம். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். மறுபடி.

விரலிடுக்கில் அவள் வாய் பின்பாதியைச் சொல்லி முடித்தது.

தாழ்ப்பாள் விலகியது. விலக்கியது அவள் கைதான்.

ஏசுதாசனுக்குத் தை மாதம் தாம்பரத்து அனுப்பிரியாவோடு கல்யாணம் முடிந்தது. பெண் வீட்டார் கேட்கும் முன்பே எந்தப் பங்கு என்று சொல்லிவிட்டார்களாம். ஜெபகுமாரும் அம்மணியும் காட்டாங்குளத்தூர் பக்கம் போய்விட்டார்கள். எந்தத் தெரு என்று மாமியாலேயே கறக்க முடியவில்லை. மகள் கிடைத்தாளா என்று கேட்க போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டும் அடிக்கடி வந்து போகிறார்கள்.

மாமி ஒரு சீமந்தத்துக்குக் காரில் மதுராந்தகம் போனபோது, செங்கல்பட்டு தாண்டி, உச்சி வெயிலில், சாலையோர மண்ணில் சினேகாவைப் பார்த்தாள். முட்டி போட்டுப் போய்க்கொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே சுடிதார் இல்லை. முழங்காலும் அதிகம் இல்லை. பக்கவாட்டில் நீட்டிய கையில் விரல்கள் நசுங்கி, ரத்தமற்று வெளுத்திருந்தன. அந்தக் கைக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத மண்ணில், அவளோடு கூடவே இரண்டு தடம் விழுந்துகொண்டு வந்தது. மாமி கண்ணாடியை இறக்கவில்லை, வண்டியை நிறுத்தவும் சொல்லவில்லை. சினேகாவின் உதடு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் அசையும். நிற்கும். பக்கத்தில் காது கொடுப்பாள். மறுபடி அசையும்.