மறுசோறு

"இன்னாடி இது? கேக்கறேன் இல்ல... இன்னாடி இது?"

காசியம்மாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தை முற்றத்தின் நடுவே டமாரென்று வைத்தாள். மூடி கழன்று உருண்டு ஓடியது. உள்ளே முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய கேழ்வரகு அடை இரண்டு. அவற்றின் மேல் தோல் உரித்த முட்டை ஒன்று.

அமிர்தம் சாணி கரைத்த கையோடு நின்றாள். அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சில மாதங்களுக்கு முன்புவரை ஒரு பிடி உப்பைக்கூட அவள் மாமியாருக்குத் தெரியாமல் எடுத்ததில்லை. இப்போது முட்டையோடு பிடிபட்டுவிட்டாள்.

"வைக்கோல் கூடைக்கு அடியில ஒளிச்சி வெச்சிருக்கா! யாருக்குடி இது? மாட்டுக்கா?"

அடுப்படி வாசலில் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மணிமொழி, சின்ன மருமகள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அமிர்தம் கண்ணாலேயே அவளை அடக்கினாள். 'நீ பேசாதே... நீ பேசினால் இனி உனக்கு அந்த ஒரு கரண்டி சோறும் கிடைக்காது' என்று அந்தப் பார்வை சொன்னது.

ஒரு கரண்டி என்பது சும்மா சொன்னதல்ல. அந்த வீட்டில் சோற்றுக் கரண்டி காசியம்மாளின் கையை விட்டு இறங்கியதே கிடையாது. மணிமொழிக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து வேளைக்கு ஒரு கரண்டிதான். மறுசோறு என்ற பேச்சே இல்லை. அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெருத்த பிள்ளை வெளியே வராது என்பது அவள் கணக்கு. ஊருக்கு வந்து போகும் நர்சம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும், பிள்ளை கருத்துப் போகுமென்று பிடுங்கிக் கோழிக்குப் போட்டாள். கோழிகள் அதைச் சீண்டவில்லை, அது வேறு விஷயம்.

காசியம்மாளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவள் கொடுமைக்காரி இல்லை, பயந்தவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் அம்சவள்ளி தலைப்பிரசவத்துக்கு இதே வீட்டுக்கு வந்து, இதே கூடத்தில், உதிரம் நிற்காமல் செத்துப்போனாள். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

"பேசுடி! வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருக்க? திருட்டுத்தனமாத் தீனி போட்டு வவுத்துல இருக்கறத பெருசாக்கறியே... என் பொண்ணு போன மாதிரி இவளும் போவணும்னு பாக்கறியா? உனக்கு ஒண்ணு இல்லன்னு வயித்தெரிச்சலாடி உனக்கு!"

அமிர்தத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளை இல்லாத குறையை ஊர் சொல்லியிருக்கிறது, உறவு சொல்லியிருக்கிறது. கொலைகாரி என்று யாரும் சொன்னதில்லை.

"அத்த... சத்தியமா அப்பிடி இல்லீங்க... நர்சம்மா ரெண்டு உசுருக்குச் சாப்புடணும்னு சொன்னாங்க... அதான்..."

"நர்சம்மாவா வந்து இவளைச் சொமக்கப் போறா? ஏண்டா ராஜாங்கம், கல்லு மாதிரி நின்னுக்கினு இருக்கியே! இவ இந்த வூட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

அமிர்தம் கணவனைப் பார்த்தாள். ராஜாங்கம் நல்லவன்தான். அம்மா குரலை உயர்த்தினால் மட்டும் அவனுக்குத் தரையில் எறும்பு போவது நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும். இன்றைக்கும் தரையைத்தான் பார்த்தான்.

"கொஞ்ச நாளைக்கு... உங்கம்மா வூட்டுக்குப் போய் இரு அமிர்தம்... பிரசவம் முடியட்டும்."

அவ்வளவுதான். அவள் கையைக் கழுவினாள். ஒயர் கூடையில் இரண்டு புடவையை வைத்தாள். வாசற்படி தாண்டும்போது மணிமொழி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... பசிக்குதுன்னு நான்தானக்கா உங்க கிட்ட அழுதேன்... நான் சொல்லிடறேங்க்கா..."

"சொன்னியானா என் மேல ஆணை. வூட்டுக்குள்ள போ. நர்சம்மா மறுபடி குடுத்த மாத்திரை அரிசிப் பானையில கெடக்கு, மறக்காம போட்டுக்க" என்றாள் அமிர்தம். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

* * *

சின்னசேலம் பக்கத்தில் இருந்தது அவள் பிறந்த ஊர். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் ரோட்டில் நின்றால் பஸ் வரும். ஆனால் அன்றைக்கு ரோட்டில் பஸ்ஸுமில்லை, ஒழுங்கான ரோடுமில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் என்று போன மாதமே பேசிக்கொண்டார்கள். புரட்டாசி பிறந்த கையோடு அது ஆரம்பித்திருந்தது. நூறு வருஷத்துப் புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே, கிளையும் காயுமாகச் சாய்ந்து கிடந்தன.

ஒரு மரத்தின் மேல் கோடாலியும் கையுமாக நின்றவன் அவளுடைய கொழுந்தன் இளவரசன். மணிமொழியின் புருஷன். இரண்டு நாளாய் வீட்டுப் பக்கமே வராதவன்.

"அண்ணி! எங்க கெளம்பிட்டீங்க? ஒரு வாரத்துக்கு ஈ காக்கா போவாது, பஸ்ஸு எங்க போவும்?"

"சும்மா... அம்மாவைப் பாத்துட்டு வரலாம்னு..."

காலையில் நடந்ததை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் முகம் வேறு பளபளவென்றிருந்தது.

"இந்த மரம் நான் சாச்சது அண்ணி! நான் பத்தாவது பாஸ் பண்ணிட்டு மாடு மேச்சிக்கினு கெடக்கறேன். என் புள்ள அப்பிடி இருக்கக் கூடாது. படிக்கணும், ஆபீசுல உக்காரணும். பொறக்கப் போற அவனுக்காவத்தான் இதெல்லாம்!"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அமிர்தம் தலையை ஆட்டினாள். முன்னால் போக வழியில்லை. பின்னால் போக முகமில்லை. வெட்டாமல் விட்ட வேப்பமரத்தடியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது ஊர்ப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி தலைதெறிக்க வந்தது. ஓட்டுவது ராஜாங்கம் என்று தெரிந்ததுமே அவள் எழுந்து ஓடினாள். உள்ளே காசியம்மாளின் மடியில் மணிமொழி துவண்டு கிடந்தாள்.

"ராத்திரியே வலி எடுத்திடுச்சாம்... பயந்துக்கினு சொல்லாம கெடந்திருக்கா... பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்... வழி வுடுங்கய்யா... வழி வுடுங்க!" காசியம்மாள் வண்டியிலிருந்தபடியே கத்தினாள்.

வழி எங்கே இருக்கிறது விடுவதற்கு? வண்டிக்கு முன்னால் கிடந்தது இளவரசன் சாய்த்த மரம். அவன் மனைவியைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். கோடாலியை எடுத்து அடிமரத்தை வெட்டத் தொடங்கினான். மற்ற ஆட்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரம் அது. கோடாலி பட்ட இடத்தில் சில்லுதான் பெயர்ந்தது. இது போனாலும் அதற்கப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று... கள்ளக்குறிச்சி வரைக்கும் அப்படித்தான்.

"அக்கா... அமிர்தக்கா..." வண்டிக்குள்ளிருந்து ஈனமாய் ஒரு குரல்.

அமிர்தம் வண்டியில் ஏறினாள். காசியம்மாள் அவளைப் பார்த்தாள். இறங்கு என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

ஒயர் கூடையிலிருந்த இரண்டு புடவைகள் வண்டிக்குத் திரையாயின. ஆண்கள் முதுகு காட்டி நின்றார்கள். கோடாலிச் சத்தத்துக்கு நடுவே குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை. பெருக்கவும் இல்லை, சிக்கவும் இல்லை. பூனைக்குட்டி அளவில் இருந்துகொண்டு வீரிட்டு அழுதது. நஞ்சுக்கொடியும் விழுந்தது.

ஆனால் உதிரம் நிற்கவில்லை.

காசியம்மாள் அப்படியே உறைந்துபோனாள். வைக்கோல் நனைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வள்ளி... வள்ளி..." என்று உதடு மட்டும் முனகியது. நான்கு வருஷத்துக்கு முந்தைய கூடத்துக்கே அவள் போய்விட்டாள் என்று அமிர்தத்துக்குப் புரிந்தது.

"அத்த! புள்ளைய எடுத்து அவ மார்ல போடுங்க!"

"இன்னா... இன்னாடி சொல்ற? சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்தணும்டி... மூணா நாளுதான் பால் குடுக்கறது..."

"இல்லீங்கத்த... புள்ள வாய் வெச்சா கர்ப்பப்பை சுருங்கும், ரத்தம் கட்டும்னு நர்சம்மா சொன்னாங்க. சீம்பாலு கெடுதல் இல்ல, அதான் புள்ளைக்கு மொதல் மருந்தாம்!"

"புள்ள பெக்காதவ... உனக்கின்னாடி தெரியும்!"

கொடுமையான சொல்தான். ஆனால் அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை, திக்கற்றுப்போன அழுகைதான் இருந்தது. அமிர்தம் மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கத்த... நான் பெக்கல... ஆனா இவளை வுட்டுடாதீங்க! நான் சொல்றது தப்பாப் போனா வூட்டை வுட்டு இல்ல, ஊரை வுட்டே தொரத்துங்க... ஒரு வாட்டி... ஒரே ஒரு வாட்டி என் பேச்சைக் கேளுங்க!"

காசியம்மாள் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு பேரனைத் தூக்கி மணிமொழியின் மார்பில் வைத்தாள்.

குழந்தை தேடியது, தவறவிட்டது, மறுபடி தேடிப் பற்றிக்கொண்டது. அமிர்தம் நர்சம்மா காட்டியபடி மணிமொழியின் அடிவயிற்றைக் கையால் அழுத்தித் தேய்த்தாள். நிற்குமா, நிற்காதா? அவளுக்குத் தெரியாது. தேய்த்தாள், அழுதாள், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கைக்கடியில் பஞ்சு போலிருந்த வயிறு கொஞ்சம் கொஞ்சமாய் இறுகியது. உதிரம் குறைந்தது. குறைந்ததே தவிர நின்றுவிடவில்லை.

வெளியே இளவரசன் கோடாலியை வீசி எறிந்துவிட்டுப் பக்கத்து டீக்கடைக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். தாயையும் பிள்ளையையும் அதில் கிடத்தி, மறியலுக்கு வந்த ஆட்களே தோள் கொடுத்தார்கள். ஒவ்வொரு மரம் குறுக்கிடும்போதும் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். இளவரசன் வழியெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே சுமந்தான்.

* * *

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிய டாக்டரம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். "உடம்புல கொஞ்சம் சத்து இருந்ததாலதான் இவ்வளவு தாங்கியிருக்கா. பட்டினி கிடந்த உடம்புன்னா வழியிலேயே முடிஞ்சிருக்கும். யாரோ நல்லா கவனிச்சிருக்கீங்க."

காசியம்மாள் வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

மறியல் முடிந்து, மரங்களை இழுத்துப் போட்டு, பஸ் ஓடத் தொடங்கிய காலையில் அமிர்தம் கூடையை எடுத்தாள். ராஜாங்கம் தரையைப் பார்க்காமல் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்து, "போவாத அமிர்தம்" என்றான்.

"வூட்டை வுட்டுப் போவச் சொன்னவங்க இன்னும் வரச் சொல்லலீங்களே" என்றாள் அவள், மெதுவாக.

"அமிர்தம்..."

காசியம்மாள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு... என் அம்சவள்ளிக்கும் நான் ஒரு கரண்டிதான் போட்டேன். பசிக்குதும்மான்னு கேட்டா... திட்டினேன். அப்ப... என் பொண்ணை நானேதானாடி..."

அமிர்தத்துக்குப் பதில் தெரியும். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கொலைகாரி என்ற பட்டம் அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய்விடும். ஒன்பது வருஷத்துக் கணக்கும் தீர்ந்துவிடும்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்கத்த. அது விதி. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

காசியம்மாள் அவளையே பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும், "பாவி நான்... உன்னைப் போய்... உன்னைப் போய்..." என்று மருமகளைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று கதறினாள். அமிர்தம் அந்த மெலிந்த முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இழந்த மகளை அவளால் திருப்பித் தரமுடியாது. தனக்கில்லாத பிள்ளையை மாமியாராலும் தரமுடியாது. இரண்டு பேருக்கும் அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

அழுது ஓய்ந்த பின் காசியம்மாள் வீட்டிலிருந்து வந்த சோற்று அடுக்கைத் திறந்தாள். மணிமொழியின் தட்டில் சோறு போட்டாள். கேட்காமலே இன்னொரு கரண்டியும் போட்டாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"உக்காருடி. நீ எப்ப சாப்ட்டியோ, இன்னாவோ..."

ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. அமிர்தம் சாப்பிட்டாள். மறுசோறு விழுந்தபோது போதும் என்று சொல்லக் கையை நீட்டியவள், மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.