அந்தக் கேபிள் மட்டும் இல்லை!

"ஐயோ... அய்யா!"

சமையல்கார ரத்தினம்மாளின் அலறல் தொம்மலூரின் அந்தத் தெருவையே உலுக்கியது.

வீட்டுக்காரர் ஆதிகேசவன் கூடத்தில் கிடந்தார். மண்டை பிளந்து!

பக்கத்தில் தோசைக்கல்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஓஸ்வால்ட் வந்தார். "இதுல உன் கைரேகைதானேம்மா இருக்கும்?"

"தினம் தோசை ஊத்தறவ சார்... வேற யாரோடது இருக்கும்? மேல கேமரா இருக்கு பாருங்க! எல்லாம் அந்த டிஸ்க்ல ஏறுதுன்னு அய்யா சொல்வாரு. போட்டுப் பாருங்க... நான் இல்லேன்னு தெரியும்!"

மேஜையில் கம்ப்யூட்டர். அருகே ஹார்ட் டிஸ்க். இரண்டையும் இணைக்கும் கேபிள்...

இல்லை!

ஓஸ்வால்ட் தன் செல்போன் கேபிளைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை.

"உங்க கேபிள் சி-டைப் சார்!" மாடியில் குடியிருக்கும் அஷ்வத் உதவிக்கு வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. "டிஸ்க்கோட போர்ட் அகலமா, ரெண்டு பாகமா இருக்கு பாருங்க. அதுக்குன்னு தனி கேபிள். குடுங்க, ஆபீஸ்ல ஓப்பன் பண்ணிக் கொண்டாறேன்."

"பார்க்கலாம். முதல்ல இந்தம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

ரத்தினம்மாள் கைகூப்பினாள். "பொண்ணு நிறைமாசம் சார்... ஒரு வார்த்தை சொல்லிடறேன். போன்ல சார்ஜ் இல்ல."

"கொலைகாரிக்குச் சார்ஜ் வேறயா?" ஏட்டு முறைத்தார்.

"அஞ்சு நிமிஷம்தானேய்யா? ஸ்வல்ப இரு." கன்னடம் கலந்து ஏட்டை அடக்கினார் ஓஸ்வால்ட். "நீ போட்டுக்கம்மா."

அவள் பையிலிருந்து எடுத்தது பழைய போன் சார்ஜர். சப்பையான, குட்டி முனை.

ஓஸ்வால்ட் அதைப் பார்த்தார். டிஸ்க்கைப் பார்த்தார். வயரை உருவி, போர்ட்டின் பெரிய பாகத்தில் செருகினார்.

கச்சிதம்!

"சார், அது வேற டைப்!" அஷ்வத்தின் குரல் கிறீச்சிட்டது. "பாதிதான் மாட்டியிருக்கு... ஓடாது!"

மறுமுனை கம்ப்யூட்டரில் ஏறியது.

டிஸ்க்கில் நீல விளக்கு... மினுக்... மினுக்...

"ஓடுதேப்பா! கொஞ்சம் மெதுவா ஓடுது... அவ்வளவுதான்."

"போடாதீங்க சார்!" அஷ்வத் சுவரோடு சரிந்தான். "நான்தான்! வீட்டைக் காலி பண்ணுன்னார்... கோபத்துல... கேபிளை ஒளிச்சிட்டா, டிஸ்க்கை என்கிட்ட குடுப்பீங்க... அழிச்சிடலாம்னு..."

அவன் லேப்டாப் பைக்குள் அகல முனைக் கேபிள் சுருண்டு கிடந்தது.

ஓஸ்வால்ட் திரையை நோக்கினார். சிரித்தே விட்டார்.

வீடியோ ஒன்றுகூட இல்லை! கேமராவுக்கு ஆதிகேசவன் கனெக்‌ஷனே கொடுத்திருக்கவில்லை. டிஸ்க் நிறைய... நானூறு உபன்யாசங்கள்!

"இந்தாம்மா உன் வயர். பொண்ணுகிட்ட பேசு."

"அப்ப... ஆதாரமே இல்லியா சார்?" அஷ்வத் திரையை எட்டிப் பார்த்தான்.

"நீயே போதுமேப்பா! வா, ஜீப்ல முதல் உபன்யாசத்தைக் கேட்டுக்கிட்டே போகலாம். தலைப்பு... 'கோபம் வந்தால் பத்து வரை எண்ணுக'!"