மாசம் எழுபத்தொன்பதாயிரம் மிச்சம்

"ஏங்க... ஷூவுக்கு சைபர் போட்டிருக்கீங்களே, போர்ச்சுகல்ல வெறுங்காலோடவா நடப்பீங்க?"

தமிழினி வெடுக்கென்று நிமிர்ந்தாள். ஆம்பூரில் ரயில் ஏறியதிலிருந்து அவள் மடியில் விரித்திருந்த செலவுக் கணக்கை, எதிர் சீட்டுக்காரன் தலைகீழாகவே படித்துக்கொண்டிருக்கிறான்! ஜன்னலுக்கு வெளியே மழை... உள்ளே இவன். கழுத்தில் தோல் கம்பெனி அட்டை, பெயர் சூரியபிரகாஷ். கண்கள்... சே, கண்களைப் பற்றி இப்போது என்ன பேச்சு? அடுத்தவள் காகிதத்தை மேய்கிற கண்கள்!

"எங்க கம்பெனியில ரிஜெக்ட் பீஸ் இருநூறு ரூபாய்க்குக் குடுப்பாங்க. அங்க நான் சேரப்போறதும் ஷூ கம்பெனிதான். போதுமா?"

அவன் சிரித்தான். சிரித்தானே பாவி!

"அங்கல்லாம் ரிஜெக்ட் பீஸு விக்க மாட்டாங்க. அது கெடக்கட்டும்... ரூம் நூத்தம்பது யூரோன்னு யார் சொன்னது?"

"ஏஜென்ட்."

"அவன் தலை! நானூறு இல்லாம ரூம் கெடைக்காது. மூணு மாச வாடகைய முன்னாடியே எண்ணி வைக்கணும். குளுருக்கு ஹீட்டர் போட்டா கரண்ட் பில்லு தனி. சம்பளம் ஆயிரத்து நூறுன்னாலும், பிடிச்சது போக தொள்ளாயிரம்தான் கைக்கு வரும்."

கேட்காமலே பேனாவைப் பிடுங்கி ஓரத்தில் கிறுக்கினான். மாசம் எழுபத்தொன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று அவள் போட்டிருந்தது, கண்ணெதிரே இருபதாயிரமாகச் சுருங்கியது.

வந்ததே கோபம் தமிழினிக்கு! ஆறு வருஷம் தையல் லைனில் நின்று, சூப்பர்வைசராகி, இப்போதுதான் வெளிநாட்டு வேலை கைக்கு எட்டியிருக்கிறது. ஏஜென்ட் கேட்கும் இரண்டரை லட்சத்துக்காக, வரும் புதன்கிழமை அவள் அப்பா சொந்த ஊரான நெமிலியில் இருக்கும் ஒரே ஒரு ஏக்கரை அடமானம் வைக்கப் போகிறார். இந்தக் காகிதத்தை நம்பித்தான்!

"உங்களுக்கு எப்படித் தெரியும்? போயிருக்கீங்களா?"

அவன் மழையைப் பார்த்தான். "தெரிஞ்சவன் ஒருத்தன் போய்ட்டு வந்தான்."

"யாரோ ஒருத்தன் சொன்னான்னு என் பொழப்புல மண்ணப் போடுறீங்களா? பொண்ணு வெளிநாடு போறான்னா உங்களுக்கெல்லாம் வயிறு எரியும்!"

"நல்லதுக்குக் காலமே இல்லங்க! போங்க... போய் குளுர்ல நடுங்குங்க. எனக்கு இன்னா?"

காட்பாடியில் விருட்டென்று இறங்கிப் போனான். நாலடி நடந்தவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... கடவுளே, இத்தனை கோபத்திலும் இந்த நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

மறுநாள் ஞாயிறு முழுக்க அவன் கிறுக்கிய எண்கள் அவளைக் குடைந்தன. திங்களன்று ஏஜென்டுக்குப் போன் போட்டாள்.

"ரூம் தர்றோம்னு கம்பெனிகிட்ட எழுதி வாங்கிக் குடுங்க. அப்புறம்தான் பணம்."

"உனக்குப் பின்னாடி நூறு பேர் நிக்கிறாங்கம்மா!"

"நூறு பேருக்கும் தையல் லைன் ஓட்டத் தெரியுமா? அனுப்புங்க பாக்கலாம்!"

ஏஜென்ட் தாம்தூம் என்று குதித்தான். அவள் அசையவில்லை. புதன்கிழமை போனது... நிலம் அடமானத்துக்குப் போகவில்லை. வெள்ளியன்று புதுக் கடிதம் வந்தது. இரண்டு வருஷமும் ரூம் கம்பெனி பொறுப்பு, ஏஜென்ட் பணத்தையும் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்களாம்!

நூத்தம்பதுக்கு ரூம் கிடைக்காது என்று ஏஜென்டே கடைசியில் ஒப்புக்கொண்டான். அப்படியானால் சூரியபிரகாஷ் சொன்னது அத்தனையும் சரி. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வந்தது. மதியச் சாப்பாட்டில், கூட வேலை செய்யும் கிறிஸ்டினாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அட, சூரியண்ணனா? எங்கண்ணனோட தோஸ்துதான்! அவரே போர்ச்சுகல் போய்ட்டு எட்டு மாசத்துல வந்தவராச்சே. அம்மாக்கு ஒடம்பு முடியலன்னு வந்துட்டாராம்."

தெரிஞ்சவன் ஒருத்தனாமே! தமிழினி டிபன் டப்பாவைப் படாரென்று மூடினாள்.

சனிக்கிழமை மறுபடி மழை. ஊருக்குப் போகும் அதே ரயிலில் பெட்டி பெட்டியாக அவனைத் தேடினாள். கதவோரம் சாரலில் நனைந்தபடி நின்றிருந்தான்.

"அந்தத் தெரிஞ்சவன் பேரு சூரியபிரகாஷா?"

அவன் முகம் செத்துப்போனது.

"ஏன் பொய் சொன்னீங்க? நான்தான் போனேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நம்பியிருப்பேனே!"

"இன்னான்னு சொல்றது?" அவனும் கத்திவிட்டான். "எங்கம்மா நல்லாத்தான் இருந்தாங்க. எனக்குத்தான் ரொட்டி வாங்கக் காசில்ல. ஆறு பேர் படுக்குற ரூம்ல கோட்டோட தூங்கினேன். அப்பா டிக்கெட் எடுத்து அனுப்பித்தான் திரும்பி வந்தேன். தோத்துப்போய் வந்தேங்க! ஊருக்கெல்லாம் பொய் சொல்லி வச்சிருக்கேன். மொதமொத உங்ககிட்டதான் நெஜம் சொல்றேன்..."

"என்கிட்ட மட்டும் எதுக்கு?"

"அந்தக் காகிதத்த அவ்ளோ ஆசையா பாத்துட்டு இருந்தீங்க. நான் பட்டது உங்களுக்கு வரக்கூடாதுன்னு தோணுச்சு. அவ்ளோதான்."

அவள் நகர்ந்து அவன் பக்கத்தில் நின்றாள். கடிதம் வந்த கதையைச் சொன்னாள். அடுத்த மாசம் பயணம், இரண்டு வருஷம் என்றாள். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது... பிறகு வாடியது.

"சந்தோஷம். நல்லபடியா போய்ட்டு வாங்க."

"அவ்ளோதானா? வாரம் பூரா என்னைத் தூங்கவிடாம பண்ணிட்டு... போய்ட்டு வாங்களா?"

"வேற இன்னாங்க சொல்றது? நான் தோத்துட்டு வந்தவன். ஜெயிக்கப் போறவங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுதான்! ரெண்டு வருஷம் காத்திருப்பீங்களா, மாட்டீங்களா? ஒரே பேச்சு!"

காட்பாடி வந்தது. இறங்குகிறவர்கள் இருவரையும் இடித்துத் தள்ளினார்கள். அவன் நகரவில்லை.

"காத்திருப்பேங்க... எத்தன வருஷமானாலும். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

"இதச் சொல்ல இவ்ளோ நேரமா?" என்று சீறினாள். கண்ணீர் மட்டும் தாரை தாரையாக வழிந்தது.

ரயில் கிளம்பிவிட்டது. அவன் இறங்கவே இல்லை.

"தெனமும் போன் பண்ணுவேன். ஒருநாள் எடுக்கலன்னாலும் அங்கேர்ந்தே கொன்னுடுவேன்... எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள், கோபமாகவே.