றாஹிலாவின் வெற்றுக் கடிதங்கள்

நூஹு காக்கா என் கடைக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம். பல வருடம் கட்டாரில் இருந்துவிட்டு, யுத்தம் முடிந்த மறு வருடம் ஊரோடு வந்திருந்தார்.

"உங்கட தலை முடியெல்லாம் கொட்டிட்டு மசூர். கம்பியூட்டர் மட்டும் புதுசா இரிக்கு," என்றபடி கதிரையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது.

"என்ட ஈமெயில ஒருக்காப் பாருங்க. றாஹிலா கடிதம் போடுறா."

றாஹிலா அவருடைய மனைவி. சுனாமியில் போனவர். அடக்கம் செய்ய மையித்துகூடக் கிடைக்கவில்லை.

பார்த்தேன். ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும், காலை ஒன்பதுக்குச் சற்று முன்பு, றாஹிலாவின் பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. தலைப்பு இல்லை. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

"மச்சான்மார், மையித் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுவிக்கச் சொல்றாங்க," என்றார். "உசிரோட கடிதம் போடுறவக்கு எப்பிடித் தொழுவிக்கிற? எங்க இருந்து போடுறா எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நான் போய்க் கூட்டி வாறன்."

அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவனே நான்தான். சுனாமிக்கு முன்பு சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் என் பழைய இணையக் கடை இருந்தது. வெளிநாட்டில் ஆட்கள் உள்ள பெண்கள் வந்து, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்வார்கள், நான் தட்டெழுதுவேன். பலருக்கு எழுதத் தெரியாது; கணக்குக்குள் போகவும் அனுப்பவும் மட்டுமே தெரியும். மறந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் போட்டேன்: கடைத் தொலைபேசி இலக்கம். பிறர் கடிதம் ஓர் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அதன் பூட்டுக்கு ஊருக்கே தெரிந்த திறப்பைப் போட்டிருந்தேன்.

"ஆரோ கள்ளன் பூந்திருக்கான் காக்கா. பிழை என்னிலதான்."

அவர் தலை குனிந்தார். "கள்ளன் எண்டா ஏதாவது கேப்பானே தம்பி. இவ ஒண்டும் கேக்கல்லியே."

பழைய இலக்கத்தை அடித்தேன். கணக்குத் திறந்தது. எங்கிருந்து யார் நுழைந்தார்கள் என்று காட்டும் பட்டியலைப் பார்த்தேன். எல்லா ஞாயிறும் ஒரே இடம்.

இரண்டு தரம் வாசித்தேன்.

அது இந்தக் கடையின் இணைய இணைப்பு எண்.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிறு காலை, ஒன்பதுக்குச் சற்று முன்புதான்; அதன் பிறகு ஞாயிறு காலைகளில் நான் கடை திறப்பதே இல்லை. கதவுப் பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும்தான்.

"அவட கணக்குக்குப் புதுக் கடவுச்சொல் ஒண்டு நீங்களே போடுங்க காக்கா. எனக்கும் தெரிய வேணாம்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். "ஞாயிறு வாங்க. கடிதம் இந்தக் கடையில இருந்துதான் வருது. ரெண்டு பேரும் இங்க இரிப்பம்," என்றேன்.

ஞாயிறு எட்டரைக்கு வந்தார். கதவைச் சாத்தினோம். வெளியே பஸ் நடத்துனர் "அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று" என்று கூவிக்கொண்டிருந்தார்.

திடீரென்று அந்தக் குரல் நின்றது. மின்விசிறிச் சத்தமும் கேட்கவில்லை. அறைக்குள் சேற்று வாடை வந்தது. அழுகிய கடற்பாசியும் உப்பும் கலந்த வாடை. சுனாமிக்குப் பின் ஏழு நாளாக உடல்களைத் தூக்கியவனுக்கு அந்த வாடை மறக்காது.

நாங்கள் இருவருமே கணினியைத் தொடவில்லை.

திரையில் றாஹிலாவின் கணக்குத் திறந்தது.

வெற்றுக் கடிதம் ஒன்று விரிந்தது. அதன் தொடக்கத்தில் சிறு கோடு விட்டுவிட்டு மின்னியது.

என் முதுகுக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"தம்பி."

தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற பெண்குரல்.

"எத்தின நாளா வந்து இரிக்கன். எழுதுங்க தம்பி. எனக்கு எழுதத் தெரியாதே."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி விரல்களை விசைப்பலகையில் வைத்தேன். குரல் சொல்லச் சொல்ல, அன்று போலவே எழுதினேன்.

"என்னத் தேடி அலையாதீங்க. நான் அண்டைக்கே கடலோட மௌத்தாயிட்டன். எனக்காகத் தொழுவிச்சிருங்க. கடைசிக் கடிதத்தில கோவமாக் கதைச்சத்த மன்னிச்சு ஹலாலாக்கிக்கங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

நூஹு காக்காவுக்குக் குரல் கேட்கவில்லை. திரையை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் தாடி நனைந்திருந்தது.

"இத நீங்கதானே எழுதுறீங்க மசூர்?"

"ஓம் காக்கா. எழுதுறது நான். சொல்றது நானில்ல."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் தோளுக்கு அப்பால் இருந்த வெறும் கதிரையைப் பார்த்து, மெல்லச் சொன்னார்: "ஹலாலாக்கிட்டன் புள்ள. நீயும் என்ன மன்னிச்சிரு."

கடிதம் தானாக அனுப்பப்பட்டது. வெளியே பஸ் நடத்துனர் மறுபடி கூவினார்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு றாஹிலாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதோம். நூஹு காக்கா முன் வரிசையில் நின்றார். அதன்பின் அவருக்கு வெற்றுக் கடிதம் வரவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு நான் கடை திறந்து உட்கார்ந்தபோது, ஒன்பதுக்குச் சற்று முன்பு, எனக்கே ஒரு வெற்றுக் கடிதம் வந்தது. பாண்டிருப்பிலிருந்து பழைய கடைக்கு வந்து, சுவிஸில் உள்ள மகனுக்கு எழுதுவித்த சின்னத்தங்கம் அக்காவின் பெயரில். அவரையும் கடல்தான் கொண்டுபோனது.

பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

எல்லாம் கடல் கொண்டுபோன என் பழைய கடைப் பெண்களின் பெயரில்; பதினேழு வந்ததும் நின்றது.

சேற்று வாடை கதவு வரை நிறைந்திருந்தது. எழுந்து ஓடிவிடலாம். ஆனால் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது கால் எழவில்லை. முதற் கடிதத்தைத் திறந்து வைத்தேன்.

"சொல்லுங்க அக்கா," என்றேன்.

என் பிடரியில் குளிர்ந்த மூச்சொன்று பட்டது. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.