இதமான அறிக்கை

டிகாஷன் இறங்குவதற்குள் சமையலறைச் சுவரிலிருந்து துளிக்கை என்ற எந்திரக் கை நீண்டு, யாழரசியிடமும் அவள் கணவன் நிரஞ்சனிடமும் ஆளுக்கொரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விடும். சொட்டுகள் குழாய் வழியே ஊர்க்கோடி ஆய்வகத்துக்குப் பறக்கும். அங்கே மனிதர் ஒருவரும் கிடையாது. பால் பொங்குமுன் எந்திரங்கள் முடிவைச் சொல்லிவிடும். ரத்த மாதிரி மாறிவிட்டது, பெயர் மாறிவிட்டது என்ற பேச்சே இல்லை.

அன்று நிரஞ்சன் குளிக்கப் போனதும் சுவர் அவளைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நரம்பு சுருங்கற நோய் ஆரம்பிச்சிருக்கு. இதுக்கு இன்னும் மருந்து இல்லை. அவருக்கு உண்மையைச் சொல்லட்டுமா, இதமான அறிக்கை கொடுக்கட்டுமா?"

ஆரம்பத்தில் ஆய்வகம் யாரையும் இப்படிக் கேட்டதில்லை; நோயாளியிடமே நேராகச் சொல்லிவிடும். முகத்துக்கு நேரே சொன்னால் மனிதன் தாங்குவானா என்று ஜனங்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். வீட்டார் கேட்டுக்கொண்டால் நோயாளிக்கு நோயே இல்லை என்று சொல்லலாம் எனச் சட்டம் வந்தது. தவறே செய்யத் தெரியாத எந்திரத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாயிற்று.

யாழரசி குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதே. அவர் உடைஞ்சு போயிடுவார். நார்மல்னு போடு."

"சரிம்மா. விதிப்படி ஒண்ணு தெரிவிக்கணும். இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு இதமான அறிக்கை போயிட்டிருக்கு."

விதி எழுதியவர்கள் பெரிய குடும்பங்களை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். இந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

"எனக்கு என்ன?" என்றாள்.

"உங்களுக்கு எல்லாம் நார்மல்மா."

"நிஜத்தைச் சொல்லு."

"கேட்டுக்கிட்டவர் சம்மதிச்சாதான் சொல்ல முடியும்."

அரைக் கரண்டி சர்க்கரைக்கே சண்டை பிடிக்கிற மனுஷன், பொங்கலிலிருந்து தன் கையாலேயே அவளுக்கு முழுக் கரண்டி போட்டுக் கலக்கித் தருகிறான். வயதாக ஆகப் பிரியம் கூடுகிறது என்று நினைத்திருந்தாள். மருந்து இருக்கிற நோய் என்றால் அவன் மறைத்திருக்க மாட்டான். அந்த எண்ணம்தான் அவளை உட்கார வைத்துவிட்டது.

நிரஞ்சன் தலை துவட்டியபடி வந்தான்.

"என்ன சொல்லுச்சு?"

"நார்மலாம். ரெண்டு பேருக்கும்."

"நான்தான் சொன்னேனே" என்று சிரித்து, வழக்கம்போல அவள் டம்ளரில் சர்க்கரையைப் போட்டான். அவள் கரண்டியை வாங்கி, பல வருஷமாகச் சர்க்கரையே தொடாத அவனுடைய டம்ளரில் ஒரு முழுக் கரண்டி போட்டாள்.

"எனக்கு எதுக்கு?"

"நீங்க எனக்கு எதுக்குப் போடுறீங்களோ அதுக்குத்தான்."

நிரஞ்சன் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சர்க்கரைக் காபியை முழுசாகக் குடித்தான்.