புரிமானியில் பச்சை

புரிமானியின் வளையத்தை நெற்றியில் மாட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அஞ்சுகத்துக்கு மட்டும் வியர்த்தது.

கருவேலித்திடல் ஊர் பதினோரு வாரங்களாக இப்படித்தான் தப்பித்து வந்தது. ஒவ்வொரு புதிய எரிவாயுக் கிணற்றுக்கும், முந்தைய கிணற்றுக்குப் பாறை பிளந்த விவரம் சொல்லும் பிளப்பறிக்கை ஊரில் புதிதாக ஒருவருக்காவது புரிந்தாக வேண்டும் என்பது சட்டம். தலைக்குள் நடப்பதைப் பார்த்துப் புரிமானி சொல்லிவிடும்: புரியாவிட்டால் சிவப்பு, புரிந்தால் பச்சை. அதனிடம் பொய் செல்லாது. புரிந்துகொண்டவர் மறுத்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் எழுத மறந்துவிட்டார்கள். ஆகவே ஊர் புரியாமல் இருக்கப் பழகியது. பன்னிரண்டு வயது தாண்டியவர்களின் பெயர்களை வாரந்தோறும் குலுக்கிப் போட்டு ஒருவரை அனுப்பினார்கள். இந்த வாரம் பஞ்சர் கடை அஞ்சுகம்.

“கல்யாண போட்டோவுல நிக்கிற மாதிரி சும்மா முழிச்சிட்டு இரு தங்கச்சி,” என்று பக்கத்து வீட்டு மரியதாஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதிகாரி தணிகாசலம் முதல் கிணற்றின் அறிக்கையைப் பிரித்தார். மணல் கலந்த தண்ணீரை ஆழத்துப் பாறைக்குள் அழுத்தி, பாறையைப் பிளந்து வாயு எடுத்த கதை அது. கட்டம், சாய்வு, திரும்பிய நீர் என்று அவர் எண்களை அடுக்கிக்கொண்டே போனார். இந்த எண்கள் மீட்டரா நிமிடமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தலை சுற்றியது. நல்லதுதான் என்று நினைத்தாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது. அந்தக் கிணறு வந்ததிலிருந்து அவள் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் குமிழி வருகிறது. அது ஏன் என்று இந்தத் தாளில் இருக்குமோ?

ஏழாம் கட்டத்தின் படம் வந்தது. நீலக் கோடு பம்பு ஓடிய வேகம், அது மாறவில்லை என்றார் தணிகாசலம். சிவப்புக் கோடு அழுத்தம். அது சட்டென்று விழுந்திருந்தது. பிறகு ஏறவே இல்லை.

காற்றடிக்க அடிக்க டியூப் விறைக்காவிட்டால் என்ன செய்வாள்? தண்ணீரில் முக்குவாள். குமிழி வந்தால் ஓட்டை.

குமிழி வருவது அவள் வீட்டில்.

விளக்கு பச்சையானது.

“ஓட்டை விழுந்திருக்கு சார். இன்னொண்ணு போடாதீங்க.”

தணிகாசலம் தலை குனிந்துகொண்டார். “புரிஞ்சுதான்னு மட்டும்தாம்மா கேக்கச் சொல்லியிருக்கு.” இரண்டாவது கிணற்றுக்கான அனுமதியில் முத்திரையைக் குத்தினார்.

அஞ்சுகம் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, ஏழாவது கட்டத்தில் என்ன நடந்ததென்றால் என்று ஆரம்பித்தாள். மரியதாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“சொல்லாதே தங்கச்சி. எங்களுக்கும் புரிஞ்சிட்டா மூணாவது கிணத்துக்கு எங்களைத்தானே தேடி வருவாங்க.”

கூடம் காலியானது.

வீட்டில் மகள் இளவேனில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். வரும் ஆடியில் அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது.

“ஏம்மா குமிழி வருது?”

“தெரியலம்மா. இதைக் குடிக்காதே.”

“தெரியாமலா குடிக்க வேண்டாங்கிற?”

அம்மா டியூப் முக்குவதைப் பார்த்தே வளர்ந்தவள். வாளிக்குள் குனிந்து, குமிழிகள் எழும் இடத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். அஞ்சுகம் ஓடிப்போய் வாளியைக் காலால் தட்டிவிட்டாள்.